உடலெனும் ஆலயத்தில் ஓயாத நீர்ப்பணி

திருத்தல யாத்திரை புறப்படும் நாளில் பல இல்லங்களில் ஓர் அறிவுரை தவறாமல் ஒலிக்கும். “வழியில் வசதி இராது, தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டாம்” என்று மூத்தோர் சொல்வர். இளையோரும் அதற்கு இசைவர். வண்டி புறப்பட்டபின் தண்ணீர்ப் பாட்டில்கள் திறக்கப்படாமலே கிடக்கும். கோயிலை அடைந்தபின் தரிசன வரிசையில் மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ நிற்க நேரிடும். வரிசையை விட்டு வெளியேறினால் இடம் போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். நீராடி மடியுடன் வந்த நிலையில் கழிப்பறைக்குச் செல்வதா என்ற தயக்கம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே அதிகம் துன்புறுவோர் பெண்களும் முதியோருமே.

அன்பினால் சொல்லப்படும் அறிவுரைதான் அது. எனினும் அதன்படி நடக்கும் உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தால், அடுத்த யாத்திரையில் எந்த இல்லத்திலும் அது மீண்டும் சொல்லப்படாது. உடலை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்தில் இரவும் பகலும் ஓயாமல் நீர்ப்பணி செய்யும் இரண்டு உறுப்புகள் உள்ளன. அவற்றின் பணியை அறிவது பக்தர்க்குப் புறம்பான செய்தி அன்று.

அவரை விதை வடிவில் இருவர்

வயிற்றின் பின்புறம், முதுகெலும்பின் இரு பக்கங்களிலும், கடைசி விலா எலும்புகளின் காவலில் அமைந்திருப்பவை சிறுநீரகங்கள். வடிவில் அவரை விதையை ஒத்தவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 செ.மீ. நீளமும் சுமார் 150 கிராம் எடையும் உடையது. வலப்புறம் கல்லீரல் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால் வலச் சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும்.

இரண்டையும் சேர்த்து எடைபோட்டாலும் முழு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே செல்கிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் இவற்றினூடே பாய்கிறது. பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ ஐந்து லிட்டர். ஆகவே ஐந்து நிமிடத்துக்குள் உடலின் இரத்த அளவு முழுவதற்கும் ஈடான இரத்தம் இவ்விரு உறுப்புகளையும் கடந்துவிடுகிறது.

இவ்வளவு இரத்தம் இவற்றுக்குச் செல்வதற்குக் காரணம் உண்டு. உண்ட உணவிலுள்ள புரதம் சிதையும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனை நச்சுத்தன்மை குறைந்த யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. தசைகளின் உழைப்பிலிருந்து கிரியாட்டினின் வருகிறது. இவையும், தேவைக்கு மிஞ்சிய உப்பும், மிகுதியான அமிலமும், மருந்துகளின் எச்சமும் இரத்தத்தில் தேங்கினால் உயிர் நிலைக்காது. அவற்றை அகற்றும் முதன்மையான கடமை சிறுநீரகங்களுக்கே உரியது.

போகி நாளின் துப்புரவு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டும் அமைப்புகள் உள்ளன. நெஃப்ரான் என்பது அவற்றின் பெயர். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் மெல்லிய இரத்தக்குழாய்கள் நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. அக்கண்டினை ஒரு கிண்ணம் தழுவி நிற்கிறது. இக்கிண்ணத்தின் அமைப்பை 1842ஆம் ஆண்டு விளக்கியவர் இங்கிலாந்தின் வில்லியம் பௌமன். அதனால் அது பௌமன் கிண்ணம் எனப்படுகிறது. இரத்தம் அழுத்தத்துடன் அந்த நூற்கண்டினுள் பாயும்போது, நீரும் அதில் கரைந்த சிறு பொருள்களும் கிண்ணத்தினுள் கசிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் நுழைய இயலாமல் இரத்தத்திலேயே நின்றுவிடுகின்றன.

இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீரின் அளவு ஏறத்தாழ 180 லிட்டர். பெரிய குடங்கள் பத்துக்கும் மேற்பட்டவற்றை நிரப்பக்கூடிய அளவு இது. ஆனால் ஒரு நாளில் வெளியேறும் சிறுநீரோ ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரையே. எஞ்சிய நீர் முழுவதும் மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

போகி நாளில் வீட்டைத் துப்புரவு செய்யும் முறையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அறையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குப்பையை மட்டும் தேடி எடுப்பவர் இலர். எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தபின், வேண்டியவற்றை மட்டும் உள்ளே எடுத்துச்செல்வர். வேண்டாதவை தாமே வெளியில் நின்றுவிடும். சிறுநீரகமும் அவ்வழியையே கையாள்கிறது. நல்லது, அல்லது என்று பாராமல் சிறு பொருள்கள் அனைத்தையும் முதலில் வடித்துவிடுகிறது. பின்னர் உடலுக்கு வேண்டியவற்றை எண்ணி எண்ணி மீட்டுக்கொள்கிறது. இம்முறையில் ஒரு பெரும் நன்மை உண்டு. இதுவரை உடல் கண்டிராத புதிய பொருள் ஒன்று இரத்தத்தில் கலந்தாலும், அதனை அடையாளம் காண வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. மீட்கப்படாத பொருள் தானாகவே வெளியேறும்.

கிண்ணத்திலிருந்து புறப்படும் நீர் சில செ.மீ. நீளமுள்ள நுண்குழல் வழியே பயணம் செய்கிறது. குழலின் முதற்பகுதியிலேயே நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிடுகிறது. ஒரு நாளில் வடியும் சர்க்கரை ஏறத்தாழ 180 கிராம். நலமுள்ளவர் உடலில் அது முழுவதும் இங்கேயே திரும்பப் பெறப்படுகிறது. ஒரு கிலோவுக்கும் மிகுதியான உப்பு நாள்தோறும் வடிந்து, பெரும்பகுதி மீண்டும் உடலில் சேர்கிறது. அடுத்து வருவது கொண்டை ஊசி போல் வளைந்த பகுதி. ஜெர்மானிய அறிஞர் ஹென்லே 1862ஆம் ஆண்டு விளக்கிய இவ்வளைவு, சிறுநீரகத்தின் உட்பகுதியை உவர்ப்பு மிக்கதாக ஆக்கிவைக்கிறது. அந்த உவர்ப்பே இறுதிக் குழல்களிலிருந்து நீரை ஈர்த்துச் சிறுநீரை அடர்த்தியாக்க உதவுகிறது.

சிறுநீரகத்தின் பணி கழிவகற்றுவதோடு முடிவதில்லை. எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் பிறக்கத் தூண்டும் ஹார்மோனை அது சுரக்கிறது; வைட்டமின் டி பயன்படும் வடிவை அடைய உதவுகிறது; இரத்த அழுத்தத்தைச் சமன்செய்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தோர்க்கு இரத்தசோகையும் எலும்புத் தேய்வும் ஏற்படுவதன் காரணம் இதுவே.

தாகம் என்னும் தூதர்

எவ்வளவு நீரை மீட்க வேண்டும் என்பதைச் சிறுநீரகம் தனித்து முடிவு செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியில் இரத்தத்தின் அடர்த்தியை அளந்தவண்ணம் இருக்கும் நுண்ணிய காவல் ஒன்று உள்ளது. இரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஓரிரு பங்கு உயர்ந்தாலே அது உணர்ந்துகொள்கிறது. உடனே இரண்டு கட்டளைகள் பிறக்கின்றன. ஒன்று, தாகம் எழுகிறது. மற்றொன்று, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து நீரைக் காக்கும் ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது. அது சிறுநீரகத்தை அடைந்ததும் இறுதிக் குழல்களின் சுவர்கள் நீருக்கு வழிவிடுகின்றன. நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீர் அளவில் குறைந்து நிறத்தில் அடர்கிறது. நிறையத் தண்ணீர் அருந்தினால் அந்த ஹார்மோன் குறைந்து, சிறுநீர் மிகுந்து வெளிர்கிறது.

இந்தச் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு நாளின் கழிவுகளைக் கரைத்து வெளியேற்றக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். ஒரு சொட்டு நீரும் அருந்தாதவர் உடலிலும் இந்த அரை லிட்டர் செலவாகியே தீரும். மூச்சிலும் தோலிலும் ஆவியாகும் நீர் தனி. பங்குனி உத்திரத்திலும் சித்திரைத் திருவிழாவிலும் வெயிலில் நடப்பவர்க்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே போகலாம். வரவை நிறுத்திவிட்டுச் செலவை மட்டும் தொடரும் குடும்பத்தின் நிலைக்கு அப்போது உடல் தள்ளப்படுகிறது. “தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் வராது” என்ற எண்ணம் பாதி உண்மையே. வருவது குறையும், ஆனால் வருவது அடர்ந்து, எரிச்சல் மிகுந்து வரும். கற்கள் உருவாகவும் அதுவே வழிகோலும்.

வெளியேறும் வழி

உருவான சிறுநீர் 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு குழாய்கள் வழியே கீழிறங்குகிறது. அது வெறும் ஈர்ப்பினால் விழுவதன்று. உணவுக்குழாயைப் போலவே இக்குழாய்களும் அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுகின்றன. ஆகவே படுத்திருப்பவர் உடலிலும் அது தடையின்றி இறங்குகிறது. குழாய்கள் சிறுநீர்ப்பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைகின்றன. பை நிறைந்து அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்ந்த வழி தானே மூடிக்கொள்வதால், சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவதில்லை.

சிறுநீர்ப்பை விரிந்து கொடுக்கும் தசைப் பை. 150 முதல் 200 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு தோன்றும். 400 முதல் 500 மி.லி. ஆகும்போது அவ்வுணர்வு வற்புறுத்தலாக மாறும். பையின் வாயில் இரண்டு காவல்கள் உண்டு. உட்புறச் சுருக்குத் தசை மனிதரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. வெளிப்புறத் தசை விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. பை நிறைந்த செய்தியைத் தண்டுவடம் மூளைக்கு அனுப்புகிறது. இடமும் நேரமும் பொருந்தும்வரை மூளை பொறுத்திருக்கச் சொல்கிறது. பொருந்தியதும் தடையை விலக்குகிறது. பையின் தசை சுருங்க, காவல்கள் தளர, சிறுநீர் வெளியேறுகிறது.

பச்சிளங்குழந்தைக்கு இந்த மூளைக் கட்டுப்பாடு இன்னும் அமையவில்லை; பை நிறைந்ததும் தானே கழிந்துவிடும். இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதனைக் கற்றுக்கொள்வர். ஐந்து வயதுவரை உறக்கத்தில் படுக்கையை நனைப்பது இயல்பே. அதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்வதாலோ, பிறர் முன்னிலையில் நாணச்செய்வதாலோ எப்பயனும் விளையாது.

அடக்குவதால் வரும் கேடு

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களை வகுத்துள்ளது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் ஆகியவற்றோடு சிறுநீரும் அவற்றுள் ஒன்று. இன்றைய மருத்துவமும் அதற்கு மாறுபடவில்லை. எப்போதேனும் ஒருமுறை சிறிது நேரம் பொறுப்பதால் நலமுள்ளவர்க்குத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் அடக்குவதும் நீரைக் குறைப்பதும் ஒருசேர நிகழும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

சிறுநீர் வெளியேறும் இறுதி வழி ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் உடையது; பெண்களுக்கோ 4 செ.மீ. மட்டுமே. அதன் வாயிலும் மலவாயும் பெண்களுக்கு அருகருகே அமைந்துள்ளன. குடலில் தீங்கின்றி வாழும் கிருமிகள் அக்குறுகிய வழியில் எளிதில் பையை அடைந்துவிடும். அடிக்கடி பாயும் சிறுநீரே அவற்றை அடித்துச்சென்று வெளியேற்றும் இயற்கைக் காவல். நீரைக் குறைத்து, வந்ததையும் அடக்கினால் அக்காவல் தளர்கிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. யாத்திரை முடிந்து வீடு திரும்பிய ஓரிரு நாட்களில் பெண்களுக்கு எரிச்சலும், அடிக்கடி கழிக்கும் உணர்வும், அடிவயிற்று வலியும் தோன்றினால், பயணக் களைப்பு என்று ஒதுக்கிவிடலாகாது. குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தையே அடைந்துவிட்டதற்கு அடையாளமாகலாம். அன்றே மருத்துவரை நாட வேண்டும். கருவுற்ற பெண்கள் சிறு அறிகுறி தோன்றினாலும் காலந்தாழ்த்தக் கூடாது.

மடி பற்றிய தயக்கத்துக்கும் மரபிலேயே விடை உண்டு. தர்ம நூல்கள் இயற்கைக் கடனை அடக்குமாறு சொல்லவில்லை. கழித்தபின் தூய்மை பெறும் முறையையே சொல்கின்றன. நீரால் சுத்தி செய்துகொண்டு, கை கால் கழுவி, வாய் கொப்பளித்து, ஆசமனம் செய்தபின் வழிபாட்டைத் தொடரலாம் என்பதே நெறி. வயிற்று வலியோடு சந்நிதியில் நிற்பவர் மனம் இறைவன்மீது எங்ஙனம் நிலைக்கும்?

விரதமும் நீரும்

ஏகாதசி விரதம் எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுக்கு உட்பட்டோர்க்கே உரியது என்பது வழக்கு. நோயுற்றோர்க்கும் சான்றோர் விலக்களித்துள்ளனர். நீர், கிழங்கு, கனி, பால், மருந்து முதலிய எட்டும் விரதத்தைக் கெடுப்பதில்லை என்னும் விதியும் நூல்களில் உண்டு. ஆனி மாதத்தை ஒட்டி வரும் நிர்ஜல ஏகாதசியில் நீரும் அருந்தாதிருப்போர் உளர். நலமுள்ள நடுவயதினர் நிழலில் இருந்தபடி ஒரு நாள் அவ்வாறு நோற்றால் சிறுநீரகம் தன் சிக்கனத்தால் ஈடுகொடுத்துவிடும். ஆனால் வெயிலில் நடப்போர், நீரிழிவு உடையோர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்போர், சிறுநீரகக் கல் உள்ளோர், கருவுற்றோர் ஆகியோர்க்கு நீரில்லா விரதம் ஏற்றதன்று. விரத நாளில் மாத்திரைகளின் அளவும் வேளையும் மாற வேண்டியிருக்கலாம்; அதனை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டறிவது நலம்.

நிறம் சொல்லும் செய்தி

நோயாளியின் சிறுநீரைக் கண்டு நோயை அறிய முயன்ற மரபு தமிழ் மருத்துவத்தில் பழமையானது. நீர்க்குறி, நெய்க்குறி என்பன அதன் பெயர்கள். தேரையர் பெயரால் இதற்கெனத் தனி நூலே உண்டு. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதன்மீது ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அது பாம்பாய் நெளிந்தால் வாதம், வளையமாய் விரிந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்று கணிப்பது நெய்க்குறி. இன்றைய ஆய்வகம் சர்க்கரை, புரதம், இரத்த அணு, கிருமி ஆகியவற்றை வேதியியல் முறையிலும் நுண்ணோக்கியிலும் சோதிக்கிறது. கருவி மாறினாலும், உடலின் உள்நிலையைச் சிறுநீர் வெளிப்படுத்தும் என்ற அடிப்படை மாறவில்லை.

வீட்டிலேயே கண்டறியக்கூடிய குறிகளும் உள. வைக்கோல் போன்ற இளமஞ்சள் நிறம், அருந்தும் நீர் போதுமானது என்பதற்கு அடையாளம். அடர்ந்த மஞ்சள், நீர் குறைவைக் காட்டும். சத்து மாத்திரை உண்டவர்க்குப் பளிச்சிடும் மஞ்சளும், பீட்ரூட் உண்டவர்க்குச் சிலவேளை செந்நிறமும் தோன்றுவது இயல்பு. காரணமின்றிச் சிவந்தால், வலியில்லாவிடினும், தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். கண் மஞ்சளோடு கரும்பழுப்பு நிறம் கண்டால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். நாள்தோறும் கலையாத நுரை நின்றால் புரதம் கசிவதாக இருக்கலாம்.

நீரிழிவு என்னும் தமிழ்ச் சொல்லிலேயே நோயின் குறி அடங்கியிருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை 100 மி.லி.க்கு ஏறத்தாழ 180 மி.கி. என்ற அளவைக் கடக்கும்போது, நுண்குழல்களால் அனைத்தையும் மீட்க இயலாமல் போகிறது. எஞ்சிய சர்க்கரை சிறுநீரில் கலந்து, தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உடல் மெலிவு ஆகிய மூன்றும் சேர்வது இதனால்தான்.

வலி மாத்திரையும் பாதயாத்திரையும்

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்போரும், பௌர்ணமியில் திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையைச் சுற்றுவோரும், பம்பையிலிருந்து சபரிமலை ஏறுவோரும் முழங்கால் வலிக்கு அஞ்சி மாத்திரைகளை எடுத்துச்செல்வதுண்டு. டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கின்றன. இங்கே ஒரு மறைந்த இடர் உள்ளது. உடலில் நீர் குறைந்த வேளையில், தன்னிடம் வரும் இரத்தக்குழாயை விரித்துவைத்துச் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதற்குத் துணைபுரியும் வேதிப்பொருளின் உற்பத்தியை இம்மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. குழாய் சுருங்குகிறது, வடிகட்டுதல் குறைகிறது. வியர்த்து வற்றிய உடலில், முதியவர்க்கோ நீரிழிவு உடையவர்க்கோ, இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்க்கோ, சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்க இது காரணமாகலாம். மருத்துவர் சொல்லாமல் இவ்வகை மாத்திரையை நடைப்பயணத்தில் உண்பது தகாது. அடுத்தவர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் உதவியாகாது.

முதியோர்க்கு வேண்டிய பரிவு

வயது ஏற ஏறத் தாகம் உணரும் திறன் குறைகிறது. உடலில் நீர் குறைந்திருந்தும் முதியவர் நீர் கேட்காதிருக்கலாம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழ் அமைந்த புராஸ்டேட் சுரப்பி முதுமையில் பெருத்து வழியை நெருக்கும்; சொட்டுச் சொட்டாகக் கழிவதும், இரவில் பலமுறை எழுவதும் அதன் விளைவுகள். சிறுநீர் அடியோடு நின்று வயிறு உப்பினால் அது அவசர நிலை. பிள்ளைப்பேறு கண்ட பெண்கள் பலர்க்கு இடுப்புத் தசைகள் தளர்வதால், இருமும்போதும் படியேறும்போதும் சிறிது கசிவதுண்டு. நாணத்தால் இதனை மறைத்துக் கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திக்கொண்ட தாய்மார்களும் உளர். இடுப்புத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியாலும் சிகிச்சையாலும் பெரும்பாலோர்க்கு நலம் கிடைக்கும். வீட்டிலுள்ளோர் கனிவுடன் கேட்டால் அவர்கள் மனம் திறப்பர்.

ஓசையின்றித் தேயும் உறுப்பு

ஒரே சிறுநீரகத்துடன் முழு வாழ்நாள் வாழ்வோர் பலர். அத்துணை உபரி ஆற்றலை இயற்கை இவ்வுறுப்புக்கு அளித்திருக்கிறது. அதுவே ஆபத்தும் ஆகிறது. பெரும்பகுதி பழுதாகும்வரை வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. நீண்டநாள் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே முதன்மைக் காரணங்கள். இவ்விரண்டில் ஒன்று உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முற்றிலும் செயலிழந்தோர்க்கு ஒரு காலத்தில் மரணமே முடிவாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே நெதர்லாந்தில் மருத்துவர் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகப் பொறியை உருவாக்கினார். 1945ஆம் ஆண்டு அப்பொறியால் முதன்முறையாக ஒரு நோயாளி உயிர் பிழைத்தார். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே குழுவினர், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டனர். 1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நிகழ்ந்தது. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புகளைப் பெறும் அரசுத் திட்டம் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கியது. இன்றும் டயாலிசிஸ் செய்துகொள்வோர் பலர் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பொறியின் அருகில் படுத்திருக்கின்றனர். நலமுள்ள உடலில் அப்பணி நினைவின்றியே, கட்டணமின்றியே, உறக்கத்திலும் நடந்துகொண்டிருக்கிறது.

யாத்திரைக்கு முன்

யாத்திரைக்கு முதல் நாளிலிருந்தே போதுமான நீர் அருந்துதல் வேண்டும். பயணத்தில் ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, அரைமணிக்கு ஒருமுறை சில மிடறு அருந்துவது நன்று. மிகுதியாக வியர்க்கும் நடையில் உப்பிட்ட நீர்மோரும், எலுமிச்சைச் சாறும் துணைசெய்யும். எலுமிச்சையிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கவும் உதவுகிறது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, உணர்வு மிகாவிடினும், சிறுநீர் கழித்துவிடுவது நல்வழக்கம். வரிசையில் நுழையும் முன் குடும்பத்தில் எல்லோரும் ஒருமுறை சென்றுவருவது இன்னும் சிறப்பு. வரிசையில் ஒருவர் வெளியேற நேர்ந்தால் அவர் இடத்தை அருகில் நிற்போர் காத்து வைக்கலாம். அதுவும் அடியார்க்குச் செய்யும் தொண்டே.

நீர் மிகுதி எல்லார்க்கும் நன்றன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறுநீரகச் செயலிழப்போ இதயத் தளர்ச்சியோ உடையோர் மருத்துவர் வரையறுத்த அளவையே அருந்த வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தோர்க்கு இளநீரும் வாழைப்பழமும்கூடத் தீங்காகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாமல், அது இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். பிரசாதமாகவே வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் உள்ள மற்றவர்க்கு அளித்துவிடுவதில் பக்திக்குக் குறைவில்லை.

திருவிழாக் காலங்களில் நீர்ப்பந்தல் அமைப்பது நெடுங்காலமாகத் தொடரும் அறம். அப்பந்தலுக்கு அருகிலேயே, பெண்களுக்கெனத் தாழிடக்கூடிய, தண்ணீர் வசதியுள்ள தூய கழிப்பறையையும் அமைக்கும் ஊர்ப் பெரியோர் அந்த அறத்தை முழுமையாக்குகின்றனர். அது இருக்கும் ஊரில் எந்தத் தாயும் நாவறண்டு தெய்வத்தின் முன் நிற்க வேண்டியதில்லை.